நல்லாத்தானே இருக்கேன், மாத்திரை எதுக்கு? பைபோலாரோடு வாழ்றது பத்தி

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சு நடையைப் பெரும்பாலும் அப்படியே விட்டிருக்கிறோம். திரும்பத் திரும்ப வந்த இடங்களை மட்டும் குறைத்திருக்கிறோம்.)



"காலைல வெயில், சாயங்காலம் மழை, சென்னை வெதருக்கே பைபோலார்டா." இந்த ஜோக்கை நீங்க கேட்டிருப்பீங்க, சொல்லியும் இருப்பீங்க. மேனேஜர் காலைல சிரிச்சுப் பேசிட்டு மதியம் கத்தினா, "அந்தாளு பைபோலார் மச்சி". ஜோக் அடிச்சதுக்காக யாரையும் திட்ட வரல. அந்த ஜோக் ஒரு தப்பான தகவலை மண்டைல ஏத்திடுது, அதான் பிரச்சினை. ஒரே நாள்ல நாலு தடவை மூட் மாறுறதுதான் பைபோலார்னு நாம நம்பிட்டு இருக்கறதால, நிஜமா அது பக்கத்து சீட்டுல, சொந்த வீட்டுல வரும்போது அடையாளமே தெரியாம போயிடுது.

பைபோலார்ல, தமிழ்ல இருமுனையக் கோளாறுன்னு எழுதறாங்க, மாற்றம் மணிக்கணக்குல வராது. நாள் கணக்கு, வாரக் கணக்கு. ஒரு முனை மேனியா. குறைஞ்சது ஒரு வாரம், கிட்டத்தட்ட தினமும், நாளோட பெரும்பகுதி அப்படியே நீடிச்சாதான் டாக்டர்கள் அதை மேனியான்னு சொல்லுவாங்க. ஆஸ்பத்திரில சேர்க்கற அளவுக்கு முத்திட்டா அந்த ஒரு வாரக் கணக்கு வேண்டாம். இதோட மிதமான வடிவம் ஹைப்போமேனியா, அது 4 நாளாவது இருக்கணும். இன்னொரு முனை டிப்ரஷன், குறைஞ்சது 2 வாரம். முழு மேனியா ஒரே ஒரு தடவை வந்திருந்தாலும் டைப் 1. டிப்ரஷனும் ஹைப்போமேனியாவும் மட்டும் வந்திருந்தா டைப் 2. டைப் 2ன்னா லேசானதுன்னு ஒரு நினைப்பு இருக்கு. அது தப்பு. டிப்ரஷன்ல அவங்க கிடக்கற காலம் ரொம்ப நீளம்.

இந்த எபிசோடுகளுக்கு நடுவுல பல மாசம், சிலருக்குப் பல வருஷம், எந்தத் தொந்தரவும் இல்லாம ஓடும். வேலைக்குப் போவாங்க, லவ் பண்ணுவாங்க, ஐ.பி.எல் பார்ப்பாங்க. இன்னைக்கு நாம அதிகமா பேசப்போறது இந்த நடுக் காலத்தைப் பத்திதான்.

2015-16ல மத்திய அரசுக்காக நிமான்ஸ் ஒரு தேசிய மனநல ஆய்வு நடத்துச்சு. தமிழ்நாடும் அதுல இருந்தது. பெரியவங்கள்ல 0.5 சதவீதம் பேருக்கு வாழ்நாள்ல எப்பவாவது பைபோலார் இருந்திருக்குன்னு அதுல வந்தது. 200 பேர் வேலை பார்க்கற ஆபீஸ்னா கணக்குப்படி ஒருத்தர். அவங்கள்ல சுமார் 70 சதவீதம் பேர் சிகிச்சையிலேயே இல்ல. இந்த ரெண்டாவது நம்பர்தான் எனக்கு உறுத்தலா இருக்கு.

நல்லா இருக்கற மாதிரியே இருக்கற நோய்

ஒரு கற்பனை ஆளை எடுத்துக்குவோம். வயசு 26. பெருங்குடியில ஐ.டி வேலை, வேளச்சேரில ரூம். ஒரு ரிலீஸுக்காக மூணு ராத்திரி சரியா தூங்கல. நாலாவது நாள் வேலை முடிஞ்சது. டீம்ல எல்லாரும் சுருண்டு படுத்துட்டாங்க, இவனுக்குத் தூக்கம் தேவைப்படல. 3 மணி நேரம் தூங்கி எழுந்தாலே புத்தம் புதுசா இருக்கு.

இந்த இடத்தைக் கொஞ்சம் கவனிங்க. தூக்கம் வராம கஷ்டப்படறவங்க படுக்கையில புரளுவாங்க, மறுநாள் கண்ணு எரியும், ஆள் சோர்ந்து போயிருப்பாங்க. மேனியா ஆரம்பிக்கறப்போ அந்தச் சோர்வே இருக்காது. தூக்கம் குறையுது, தெம்பு கூடுது. இந்த ரெண்டும் சேர்ந்து ரெண்டு மூணு நாள் தொடர்ந்தா, அதை சாதாரணமா விடக்கூடாது.

முதல் வாரம் ஊரே அவனைப் பாராட்டும். மேனேஜர் "சூப்பர் எனர்ஜி"ன்னு சொல்லுவாரு. ஊர்ல இருந்து போன்ல பேசற அம்மா, "புள்ள இப்பத்தான் கலகலன்னு பேசுறான்"னு சந்தோஷப்படுவாங்க. ரெண்டாவது வாரம் பேச்சு வேகமாகும், ஒண்ணுல இருந்து இன்னொண்ணுக்குத் தாவும், குறுக்கே யாராவது பேசினா எரிஞ்சு விழுவான். மேனியான்னா சந்தோஷம்னு மட்டும் நினைக்காதீங்க, நிறைய பேருக்கு அது கோபமாத்தான் வெளிய தெரியும். ராத்திரி 2 மணிக்கு ஒரு ஸ்டார்ட்-அப் ஐடியா. லோன் ஆப்ல கடன், கிரெடிட் கார்டுல ரெண்டு லேப்டாப், கையில காசு இருக்கறவரைக்கும் நண்பர்களுக்கு ட்ரீட். வேலைய விட்டுட்டு வந்துடுவான். இன்னும் முத்தினா, தன்னை ஒரு பெரிய காரியத்துக்காகத் தேர்ந்தெடுத்திருக்காங்க, டிவியில தனக்கு மட்டும் சேதி வருதுன்னு நம்ப ஆரம்பிக்கலாம். நீங்க எவ்வளவு லாஜிக் பேசினாலும் அங்க எடுபடாது.

அப்புறம் ஒரு நாள் எல்லாம் இறங்கும். படுக்கைய விட்டு எழ முடியாது. இ.எம்.ஐ மெசேஜ் மட்டும் தவறாம வரும். அனுப்பின மெசேஜ்கள், போட்ட சண்டை எல்லாம் ஞாபகத்துக்கு வந்து வெக்கத்துல ஆளைக் கொல்லும். சிலருக்கு ரெண்டு முனையும் ஒரே நேரத்துல வரும்: மனசு இருட்டா இருக்கும், உடம்புல மட்டும் ஒரு பரபரப்பு. தற்கொலை ஆபத்துன்னு பார்த்தா டாக்டர்கள் ரொம்பக் கவலைப்படற கட்டங்கள்ல இதுவும் ஒண்ணு.

காய்ச்சல் வந்தா நமக்கே தெரியும், டாக்டர்கிட்ட நாமளே போவோம். இங்க, "எனக்கு உடம்பு சரியில்ல"ன்னு சொல்ல வேண்டிய அந்த மனசையேதான் நோய் முதல்ல பிடிக்குது. மேனியால இருக்கறவரைப் பொறுத்தவரை, வாழ்க்கையிலயே இப்பத்தான் அவர் நல்லா இருக்காரு. மத்தவங்கதான் மெதுவா, மந்தமா இருக்காங்க.

இன்னொரு சிக்கலும் இருக்கு. டாக்டர்கிட்ட எப்ப போவாங்க? கீழ இருக்கறப்போதான். அழுகை, தூக்கம், சோர்வு இதைத்தான் சொல்லுவாங்க. போன வருஷம் ரெண்டு வாரம் பறந்துட்டு இருந்ததை சொல்லத் தோணாது, அது நோயோட கணக்குலயே அவங்களுக்கு இல்ல. டாக்டரும் டிப்ரஷன் மட்டும்தான்னு நினைச்சு அதுக்கான மாத்திரை எழுதலாம். பைபோலார் இருக்கறவங்களுக்கு அந்த மாத்திரையை மட்டும் தனியா கொடுத்தா, சிலருக்கு அது மேனியாவுல கொண்டுபோய் விட்டுடும். அதனால டிப்ரஷனுக்காகப் போறீங்கன்னாலும், "இதுக்கு நேர் எதிரா எப்பவாவது இருந்திருக்கேனா"ங்கறதை யோசிச்சு சொல்லுங்க. முடிஞ்சா அக்காவையோ ரூம்மேட்டையோ கூட்டிட்டுப் போங்க. அந்த ரெண்டு வாரம் அவங்களுக்குத்தான் நல்லா ஞாபகம் இருக்கும்.

லித்தியம்: ஒரு உப்போட கதை

லித்தியம்னா உங்களுக்கு போன் பேட்டரிதான் ஞாபகம் வரும். அதே தனிமம்தான். மாத்திரையில லித்தியம் கார்பனேட்டா இருக்கு. (ஒரு கிளைக்கதை: 1929ல அமெரிக்காவுல செவன் அப் அறிமுகமானப்போ அதுல லித்தியம் சிட்ரேட் கலந்திருந்தாங்க. அப்புறம்தான் எடுத்தாங்க.)

அதை மேனியாவுக்கு மருந்தா கொண்டுவந்தவர் ஜான் கேட், ஆஸ்திரேலிய மனநல மருத்துவர். இரண்டாம் உலகப் போர்ல சிங்கப்பூர் சாங்கி முகாம்ல 3 வருஷத்துக்கு மேல போர்க் கைதியா இருந்தவர். ஊருக்குத் திரும்பி, மெல்பர்ன்ல பண்டூராங்கற இடத்துல இருந்த ஆஸ்பத்திரில ஆராய்ச்சி பண்ணினாரு. மேனியா வந்தவங்க உடம்புல ஏதோ ஒரு நச்சுப் பொருள் சுத்துதுன்னு அவரோட ஊகம். ஊகம் தப்பு. ஆனா அதைச் சோதிக்கப் போனப்போ யூரிக் அமிலம் தண்ணில சரியா கரையல, கரையறதுக்காக அதோட லித்தியம் உப்பைப் பயன்படுத்தினாரு. ஊசி போட்ட கினி பன்றிகள் சாந்தமாயிடுச்சு. முதல்ல தானே சாப்பிட்டுப் பார்த்துட்டு, அப்புறம் நோயாளிகளுக்குக் கொடுத்தாரு. மேனியா இருந்த 10 பேர்கிட்ட கிடைச்ச பலனை 1949 செப்டம்பர்ல ஒரு கட்டுரையா வெளியிட்டாரு.

அதுல முதல் நோயாளி 50 வயசு தாண்டினவர், 5 வருஷமா மேனியாவுல இருந்தவர். சில மாசத்துல தேறி வீட்டுக்குப் போனாரு, பழைய வேலைக்கும் திரும்பினாரு. நல்லாயிட்டதால மாத்திரையை விட்டுட்டாரு. நோய் திரும்ப வந்துச்சு. மறுபடி ஆஸ்பத்திரி, மறுபடி லித்தியம், கடைசில 1950ல அந்த லித்தியமே உடம்புல அளவு மீறி இறந்துபோனாரு. ரத்தத்துல எவ்வளவு இருக்குன்னு பார்த்து டோஸ் வைக்கற பழக்கம் அப்ப இல்ல. இன்னைக்கு நாம பேசற ரெண்டு விஷயமுமே, நல்லாயிட்டதும் நிறுத்தறது, அளவு பார்க்காம எடுக்கறது, அந்த ஒரே மனுஷனோட கதையில இருக்கு.

லித்தியத்துக்குக் காப்புரிமை இல்ல, யாருக்கும் பெரிய லாபமும் இல்ல. அமெரிக்காவுல அதை அனுமதிக்கவே 1970 ஆயிடுச்சு. ஆனாலும் மேனியாவையும் டிப்ரஷனையும் திரும்ப வராம தடுக்கறதுலயும், தற்கொலை ஆபத்தைக் குறைக்கறதுலயும் இன்னைக்கும் டாக்டர்கள் முதல் வரிசையில வெக்கற மருந்து அது.

சரி, நம்ம ஊர்ல லித்தியத்தோட வாழ்றது எப்படி? உடம்பு லித்தியத்தையும் சாப்பாட்டு உப்புல இருக்கற சோடியத்தையும் ஏறக்குறைய ஒண்ணா நடத்துது. உப்போ தண்ணியோ திடீர்னு குறைஞ்சா, சிறுநீரகம் லித்தியத்தை வெளிய விடாம பிடிச்சு வெச்சுக்கும். மே மாசக் கத்திரி வெயில்ல பைக்ல சுத்தி வேர்த்துக் கொட்டுறது, ரோட்டுக்கடை சாப்பாடு ஒத்துக்காம வயித்தால போறது, உப்பில்லாம விரதம் இருக்கறது, நாள் முழுக்கத் தண்ணி குடிக்காம நோன்பு இருக்கறது, ஜிம் கோச் சொன்னாருன்னு உப்பை நிறுத்தறது, இது எல்லாமே ரத்தத்துல லித்தியத்தை ஏத்தலாம். விரதமே இருக்காதீங்கன்னு சொல்லல, டாக்டர்கிட்ட முன்னாடியே பேசிட்டு இருங்க. முக்கியமா வலி மாத்திரை. தலைவலி, முதுகு வலின்னு மெடிக்கல் ஷாப்ல சீட்டு இல்லாம வாங்கற ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் ரெண்டுமே லித்தியம் அளவைக் கூட்டும். பாராசிட்டமால் பரவாயில்ல. சில பிரஷர் மாத்திரைகளும் அதே மாதிரிதான். அதனால எந்த டாக்டர்கிட்ட போனாலும், பல் டாக்டரா இருந்தாலும், லித்தியம் எடுக்கறேன்னு முதல்லயே சொல்லிடுங்க.

கை லேசா நடுங்கறது, தாகம், அடிக்கடி பாத்ரூம் போறது, இதெல்லாம் சாதாரணமா வர்ற பக்கவிளைவு. ஆனா நடுக்கம் திடீர்னு பெருசாகி, வாந்தி, வயித்துப்போக்கு, நடை தள்ளாட்டம், நாக்குக் குழறல் வந்தா, அடுத்த வேளை மாத்திரையைப் போடாம உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்க. ரத்தப் பரிசோதனை கடைசி மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழிச்சு எடுக்கணும். பெரும்பாலும் 0.6ல இருந்து 1.0க்குள்ள வெக்கப் பார்ப்பாங்க. ஆறு மாசத்துக்கு ஒரு தடவையாவது தைராய்டு, சிறுநீரகம் பார்க்கணும்.

லித்தியம் ஒத்துக்காதவங்களுக்கு வேற மருந்துகள் இருக்கு. எல்லாத்தையும் இங்க அடுக்கல. ஒண்ணே ஒண்ணு மட்டும்: வால்ப்ரோயேட். கர்ப்ப காலத்துல அதை எடுத்தா குழந்தைக்குப் பிறவிக் குறைபாடு வர்ற வாய்ப்பு 10 சதவீத அளவுல இருக்கு. நீங்க குழந்தை பெத்துக்கற வயசுல இருக்கற பொண்ணுன்னா, இப்ப அந்த பிளான் இல்லன்னாலும், இதை டாக்டர்கிட்ட நேரா கேளுங்க. வெக்கப்பட வேண்டாம், நீங்களா நிறுத்தவும் வேண்டாம்.

நிறுத்திடலாமாங்கற கேள்வி

மாத்திரையை நிறுத்தறவங்களை முட்டாள்னு நினைக்கறது ரொம்ப ஈஸி. கே ரெட்ஃபீல்ட் ஜேமிசன்னு ஒரு அமெரிக்க மனோதத்துவப் பேராசிரியர். பைபோலார் பத்தின முக்கியமான மருத்துவப் பாடநூலை எழுதின ரெண்டு பேர்ல ஒருத்தர். அவருக்கே பைபோலார் இருக்குன்னு 1995ல ஒரு புத்தகம் எழுதி வெளிய சொன்னாரு. இந்த நோயைப் பத்தி மத்தவங்களுக்குப் பாடம் எடுக்கற அந்த அம்மாவே லித்தியத்தைத் திரும்பத் திரும்ப நிறுத்தியிருக்காங்க. உயிரை விட முயற்சி பண்ற நிலை வரைக்கும் போயிருக்காங்க. காரணமும் சொல்றாங்க: அந்த உயரத்தை மனசு மிஸ் பண்ணுது, அதோட அந்தக் காலத்து அதிக டோஸ்ல அவங்களால சரியா புத்தகம் படிக்கவே முடியல. டோஸைக் குறைச்சப்புறம்தான் படிக்க முடிஞ்சது.

ஆக, "மாத்திரை போட்டா மந்தமா இருக்கு, வெயிட் போடுது"ன்னு ஒருத்தர் சொன்னா, "அதெல்லாம் ஒண்ணுமில்ல, போடு"ங்கறது பதில் ஆகாது. டோஸை மாத்தலாம், மருந்தை மாத்தலாம், நேரத்தை மாத்தலாம். டாக்டர்கிட்ட சண்டை போட்டாவது அதைக் கேளுங்க. லித்தியத்தைப் பட்டுனு நிறுத்தினா மட்டும் மேனியா சீக்கிரமே திரும்பற ஆபத்து அதிகம். நிறுத்தறதா முடிவானாலும் மெதுவா, டாக்டரோட கண்காணிப்புல குறைக்கணும்.

நம்ம வீடுகள்ல மாத்திரை நிக்கற முக்கியமான இடம் எது தெரியுமா? கல்யாணம். "பொண்ணு வீட்டுல பார்த்துட்டா?"ன்னு மாத்திரை டப்பா பீரோவுக்குள்ள போகும். ரெண்டு மூணு நாள் மண்டபத்துல தூக்கம் கிடையாது. முதல் ராத்திரில இருந்தே ஒளிச்சு வாழணும். "கல்யாணம் பண்ணி வெச்சா சரியாயிடும்"னு சொல்லிட்டு, மேனியா வர்றதுக்கு என்னென்ன வேணுமோ அத்தனையையும் ஒரே வாரத்துல ஏற்பாடு பண்ணிடறாங்க. பொண்ணுங்களுக்குப் பிரசவத்துக்கு அப்புறம் வர்ற சில வாரங்கள் இன்னும் ஆபத்தான காலம். கூட வாழப்போறவருக்கு முன்னாடியே தெரிஞ்சிருந்தா, அந்த வாரங்கள்ல ராத்திரி குழந்தையை யாரு பார்த்துக்கறதுன்னு பேசி வெக்கலாம். "குழந்தைக்கும் வருமா?"ன்னு கேட்பாங்க. பரம்பரைப் பங்கு நிஜமாவே பெருசுதான். ஆனாலும் அப்பா அம்மால ஒருத்தருக்கு இருந்தா, 10 குழந்தைகள்ல 9 பேருக்காவது வர்றதில்ல.

தூக்கம், யூ.பி.ஐ, ஒரு வெள்ளைத் தாள்

பைபோலாருக்காகவே ஒரு பேச்சு சிகிச்சை இருக்கு. அமெரிக்காவுல எலன் ஃபிராங்க்ங்கறவங்க உருவாக்கினது. அதுல தினமும் 5 நேரத்தைக் குறிச்சு வெக்கச் சொல்லுவாங்க: எழுந்தது, முதல் ஆள்கிட்ட பேசினது, வேலை ஆரம்பிச்சது, ராத்திரி சாப்பாடு, படுத்தது. இந்த அஞ்சும் நாளுக்கு நாள் ரொம்ப மாறாம இருந்தா, உடம்போட கடிகாரமும் மூடும் நிலையா இருக்கும்ங்கறது அதோட அடிப்படை. கேட்க சப்பையா இருக்கும். ஆனா யு.எஸ் கிளையன்ட்டுக்காக ஒரு வாரம் நைட், ஒரு வாரம் டேன்னு மாறி மாறி ஷிஃப்ட் பார்க்கறவங்களுக்கு இதுதான் பெரிய சவால். டாக்டர்கிட்ட லெட்டர் வாங்கி எச்.ஆர்கிட்ட ஒரே ஷிஃப்ட் கேட்கலாம். நோயோட பேரை எல்லார்கிட்டயும் சொல்லணும்னு அவசியமில்ல.

மத்த ஏற்பாடுகளை நல்லா இருக்கற காலத்துலயே பண்ணிடுங்க. யூ.பி.ஐ தினசரி லிமிட்டைக் குறைச்சு வெக்கலாம். கிரெடிட் கார்டை அக்காகிட்ட கொடுத்து வெக்கலாம். "நான் ரெண்டு நாள் 4 மணி நேரத்துக்குக் கம்மியா தூங்கி, ஜாலியா இருந்தேன்னா, நீ டாக்டருக்குப் போன் பண்ணு. நான் திட்டினாலும் பண்ணு"ன்னு நம்பற ஒருத்தர்கிட்ட சொல்லி வெக்கலாம். அந்த ஒருத்தருக்கும் ஒரு வேண்டுகோள்: அவங்க சத்தமா சிரிக்கறப்போ எல்லாம் "மாத்திரை போட்டியா?"ன்னு கேட்காதீங்க. சந்தோஷப்படற உரிமை அவங்களுக்கும் இருக்கு. தூக்கத்தைக் கவனிங்க போதும்.

இதையே சட்டமும் எழுத்துல ஒத்துக்குது. 2018ல நடைமுறைக்கு வந்த மனநலப் பாதுகாப்புச் சட்டம் 2017 படி, 18 வயசு ஆன யாரும், எனக்கு நோய் முத்தினா எப்படி சிகிச்சை கொடுக்கணும், எப்படிக் கொடுக்கக் கூடாதுன்னு முன்கூட்டியே எழுதி வெக்கலாம். நமக்காகப் பேச ஒரு ஆளையும் நியமிக்கலாம், அதுக்கு ஒரு வெள்ளைத் தாள்ல எழுதிக் கையெழுத்துப் போட்டா போதும். அது அப்பாவாவோ புருஷனாவோதான் இருக்கணும்னு இல்ல, உங்க ஃபிரண்டாவும் இருக்கலாம். அவசர சிகிச்சைக்கு மட்டும் அந்த முன்கூட்டிய விருப்பம் பொருந்தாது. உடல் நோய்க்கு இருக்கற மாதிரியே மனநோய்க்கும் இன்சூரன்ஸ் தரணும்னும் அதே சட்டம் சொல்லுது. பாலிசி எடுக்கறப்போ இதைக் கேளுங்க.

எங்க போறது? அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகள்ல மனநலப் பிரிவு இருக்கு, மாத்திரை காசில்லாம கிடைக்கும். சென்னைன்னா, நம்ம சினிமா பல வருஷமா காமெடிக்கு யூஸ் பண்ணின அதே கீழ்ப்பாக்கம். 1794ல ஆரம்பிச்ச அரசு மனநல மருத்துவமனை. அங்க தினமும் வந்து மாத்திரை வாங்கிட்டு அப்படியே ஆபீஸுக்குப் போறவங்க இருக்காங்க.

போன்ல பேசணும்னா டெலி மானஸ், 14416. 24 மணி நேரமும், தமிழ்லயே, இலவசம். தமிழ்நாட்டுல 104ம் இருக்கு. உங்க ஃபிரண்ட் "நான் இல்லாம போனா நல்லது"ங்கற மாதிரி பேசினா, "சாகணும்னு தோணுதா?"ன்னு நேராவே கேளுங்க. கேட்கறதால அந்த எண்ணம் புதுசா வந்துடாது. ஆமான்னு சொன்னா தனியா விடாம கூடவே இருந்து, அங்கேயிருந்தே போன் போடுங்க.

டோஸ் மாத்தச் சொல்லி டாக்டர்கிட்ட பேசின அனுபவம் உங்களுக்கு இருந்தா, எப்படிப் பேசினீங்க, என்ன நடந்துச்சுன்னு வாய்ஸ் நோட் அனுப்புங்க, பேரைச் சொல்ல வேண்டாம். அடுத்த எபிசோடுல பார்ப்போம்.